சோடாவுக்குக் கொடுத்த முக்கால் மணி நேரம்

என் அன்பு மாப்ளே மைதீனுக்கு,

நீ போய்ப் பதினோரு நோன்பு கழிந்துவிட்டது. இந்த வருச நோன்பில் உன் வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. நான் கைநாட்டுக்காரன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல உன் மகள் ஆயிஷா எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள் அல்லவா, என் பேச்சை இழுத்துப் பிடித்து நேராக்கித்தான் காகிதத்தில் வைப்பாள். ஆட்கள் பேசிக்கொண்டதை மட்டும் அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன்.

நம்மோடு ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி ஆளுக்கொன்று எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி ஊருக்கு எழுதுவதைவிட உனக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. படிக்கிறவர்கள் படிக்கட்டும். ஒளித்து வைத்து ஒளித்து வைத்து எனக்கு அலுத்துப்போய்விட்டது மாப்ளே.

எனக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது. முட்டி பேசுகிறது, காது கேட்கமாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரி போய் நாலு வருசம். காலையில் எழுந்ததும் எதற்கு எழுந்தோம் என்று கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஞாபகம் மட்டும் குறையவே இல்லை. குறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் நாம் யாரென்று சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் புது ஆட்களும் இருப்பார்களே. மருத்துவக் கல்லூரியில் பதாலஜி மியூசியம் என்று ஒரு நீளமான அறை. நோயில் செத்தவர்களின் உறுப்புகளைக் கண்ணாடி ஜாடியில் கெடாமல் இருக்கப் பார்மலின் ஊற்றி, படிக்கிற பிள்ளைகள் பார்ப்பதற்காக வரிசையாக வைத்திருப்பார்கள். முப்பத்திரண்டு வருசம் அந்த அறை நம் இரண்டு பேர் கையில் இருந்தது. ஜாடியில் ஒட்டிய சீட்டை நீ படிப்பாய். எனக்கு எழுத்து ஓடாது என்பதால் ஜாடிக் கழுத்தில் நூல் கட்டிவைத்தேன். இருதயத்துக்குச் சிவப்பு, ஈரலுக்கு மஞ்சள், நுரையீரலுக்கு நீலம், கிட்னிக்குக் கறுப்பு. எத்தனை முடிச்சு என்பதில் இன்ன நோய் என்று எனக்குத் தெரியும்.

"மச்சான், நீரு முடிச்சுப் போட்டே வைத்தியம் பாத்துருவீரு வே" என்று கேலி பண்ணுவாய். ஆனால் ஒரு ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, சீட்டெல்லாம் ஊறி உரிந்து விழுந்தபோது, பதாலஜிக்குத் தலைவியான பெரிய டாக்டரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நான் முடிச்சைத் தடவித் தடவிச் சொல்ல, நீ புதுச்சீட்டு எழுதினாய். ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருசம் திரிந்தேன் என்பது உனக்குத் தெரியும்.

அந்த அம்மா பாடம் எடுக்கும்போது நாம் பின்னால் நின்று ஜாடி எடுத்துக் கொடுப்போம். அப்படிக் கேட்டதுதான் நம் படிப்பு. ஈரலை நாம் பாகற்காய் என்போம். சாராயம் குடித்துக் குடித்து முதலில் கொழுப்பு ஏறி வீங்கும், பிறகு புண்ணாகி, புண் ஆறி, தழும்பு விழுந்து, தழும்பு சுருங்கச் சுருங்க மேலெல்லாம் முண்டு முண்டாகிவிடும். ரத்தம் அதற்குள் நுழைய வழியில்லாமல் பின்வாங்கி நிற்கும். அதனால்தான் வயிற்றில் நீர் கட்டுகிறது. இரத்தக் கொதிப்புக்காரனின் கிட்னி சுண்டைவற்றல். சன்னக் குழாய்களெல்லாம் தடித்து, சல்லடை அடைபட்டு, சுருங்கிப்போயிருக்கும். அதே ஆளின் இருதயத்துக்குத் தேங்காய்முறி என்று பேர். குழாயில் அழுத்தம் கூடக்கூட, அதை எதிர்த்து இறைத்து இறைத்து, மூட்டை தூக்குகிறவன் புயம் போலச் சுவர் தடித்துவிடும். தடித்த சதைக்கு ரத்தம் அதிகம் வேண்டும். கிடைப்பதோ அதே அளவு. நடுவில் ரத்தம் நிற்கிற இடமும் குறைந்துபோகும். அறுத்து வைத்தால் முற்றின தேங்காய்தான்.

நாலு முடிச்சுப் போட்ட சிவப்பு நூல் ஜாடியை நீ மறந்திருக்கமாட்டாய். மாரடைப்பில் போனவரின் இருதயம். ஒரு பக்கம் வெளிறின திட்டு, அதைச் சுற்றி ஓரம் கட்டின மாதிரி கருஞ்சிவப்பு. "அடைப்புன்னதும் குழாய்ல அழுக்கு சேந்து அடைச்சதுன்னு நினைக்காதீங்க" என்று டாக்டரம்மா சொல்வார். கொழுப்பு சேர்வது குழாயின் சுவருக்குள்ளே. வருசக்கணக்காகத் திரளும். மேலே மெல்லிசாக ஒரு தோல் மூடியிருக்கும். ஒருநாள் அந்தத் தோல் கிழியும். காயம் பட்டுவிட்டது என்று ரத்தம் அங்கே வந்து உறையும். அந்த உறைகட்டிதான் வழியை அடைக்கிறது.

களக்காட்டுக்காரனான எனக்கு அது சட்டென்று விளங்கியது. எங்கள் வாழைக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் கரைக்குள் நண்டு வளை போட்டிருக்கும். வெளியே பார்த்தால் கரை கல் மாதிரி இருக்கும், தண்ணீரும் ஓடும். ஒருநாள் கரை உள்பக்கமாகச் சரிந்து வாய்க்காலிலேயே விழும். அப்புறம் கீழே உள்ள வாழைக்குப் பொட்டுத் தண்ணீர் கிடையாது. நேற்றுவரை தண்ணீர் ஓடிற்றே என்று கேட்டால் அதற்கு என்ன பதில்?

"வழி அடைஞ்ச உடனே சதை எல்லாம் செத்துராது. உள்பக்கம் முதல்ல சாகும், அங்கேருந்து வெளிய பரவும். அதுக்குள்ள ஆளைக் கொண்டுவந்தா மிச்சத்தக் காப்பாத்தலாம்" என்றும் அந்த அம்மா சொன்னார். அவர் சொன்ன நாளும், அன்றைக்கு அவர் கட்டியிருந்த புடவையின் கரையும்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் உனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

உன் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கால் ஒடிந்து வண்ணார்பேட்டையில் சரிபண்ணக் கொடுத்திருந்தாய். அதை வாங்கப் போனோம். வெயில் தாழ்ந்த நேரம். கடையை விட்டு இறங்கும்போது நெஞ்சைத் தடவினாய்.

"மச்சான், நெஞ்சு கரிக்கி வே. ஒரு மாதிரியா இறுக்குது."

"மத்தியானம் என்னத்தலே தின்ன?"

"உம்ம தங்கச்சி கருவாட்டுக் குழம்பு வச்சிருந்தா."

"அப்ப கரிக்காம என்ன செய்யும்? வாயுலே. வா, ஒரு சோடாவ குடி."

சோடாக்கடை அண்ணாச்சியும் சேர்ந்துகொண்டார். "எலுமிச்சம்பழம் புழிஞ்சு உப்புப் போட்டுத் தாரேன். நிமிசத்துல எறங்கிரும்." குடித்தாய். பெரிசாக ஒரு ஏப்பம் வந்தது. தெருவில் போகிற ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"பாத்தியா, போயிட்டு" என்றேன்.

"பெரிய டாக்டரம்மா பாத்திருந்தா உமக்குப் பட்டம் குடுத்திருப்பாவ வே" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம்.

கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். உன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. வெயில் என்று சொல்லி என் துண்டால் நான்தான் துடைத்துவிட்டேன். துண்டில் பட்ட வேர்வை சில்லென்று இருந்தது. வெயில் வேர்வை சில்லென்றா இருக்கும்? ஜாடிக்கு வேர்ப்பதில்லை மாப்ளே. ஜாடி நெஞ்சைத் தடவுவதில்லை, கரிக்கிறது என்று சொல்வதில்லை. நோய் முடிந்த இடத்தைத்தான் நான் முப்பத்திரண்டு வருசமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது தொடங்குகிற முகத்தை நான் பார்த்ததே இல்லை. பார்த்தபோது அது உன் முகமாக இருந்தது, எனக்கு அடையாளம் தெரியவில்லை.

புதுக்கால் போட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்காகப் பஸ் போர்டுகளைப் படித்தாய். "இது கங்கைகொண்டான் போறது, நமக்கில்ல." மேலப்பாளையம் பஸ் இரண்டு வந்தது. "கொஞ்சம் ஆறட்டும் வே" என்று இரண்டையும் விட்டாய். மூன்றாவதில்தான் ஏறினோம். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கொக்கிரகுளம் தாண்டும்போது என் தொடையில் கையை வைத்து அழுத்தினாய்.

"மச்சான், இது வாயு இல்ல வே."

அதுதான் கடைசிப் பேச்சு. நோய் என்னவென்று நீ கண்டுபிடித்துவிட்டாய், நான்தான் கண்டுபிடிக்கவில்லை.

நாம் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே உன்னைக் கொண்டுபோனேன். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் கேட்டார், "வலி எப்ப ஆரம்பிச்சது?"

"இப்பத்தான் சார். பஸ்ஸுல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அங்கே நின்ற அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். முடிச்சைத் தடவி நோயைச் சொல்கிற சுடலைமுத்து, மாரடைப்புக்குச் சோடா வாங்கிக் கொடுத்தான் என்று என் வாயால் சொல்ல நா எழவில்லை. உள்ளதைச் சொல்லியிருந்தால் வேறு விதமாகப் பார்த்திருப்பார்களோ? வேறு ஊசி போட்டிருப்பார்களோ? ஒன்றும் மாறியிருக்காது என்று ஒரு மனசு சொல்லும். உனக்கு எப்படித் தெரியும் என்று இன்னொரு மனசு கேட்கும். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் முன்னால் நீ போய்விட்டாய்.

உன் வீட்டிலும் அதே பொய்யைத்தான் சொன்னேன். உன் பெண்டாட்டி பாத்திமுத்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கஷ்டப்பட்டாவளா அண்ணே?" என்றாள். "இல்லம்மா. பஸ்ஸுலதான். ஒரு நிமிசம்" என்றேன். "அல்லா லேசாக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பொய்யால் அவளுக்கு ஒரு ஆறுதல் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். என் பேரில் ஒரு முத்து, அவள் பேரில் ஒரு முத்து என்று சொல்லி எங்களை அண்ணன் தங்கச்சி ஆக்கியவன் நீ. அந்த அண்ணன் செய்தது இது.

நோன்பு மாதம் வந்தால் தூக்குச்சட்டியில் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து மியூசியத்தில் தருவாயே, நீ போனபின் அந்தக் கஞ்சி நிற்கவில்லை. "அண்ணே, அவுக இல்லன்னு நீங்க வராம இருக்கக்கூடாது" என்று முதல் வருசமே ஆள் அனுப்பினாள். ஒவ்வொரு நோன்புக்கும் பாங்கு நேரத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். கஞ்சி என் தொண்டையில் அந்தப் பொய்யைத் தாண்டித்தான் இறங்கும். பதினோரு வருசமும் அப்படித்தான் குடித்தேன்.

இந்த வருசம் இருபதாம் நோன்பு. உன் பெண்டாட்டிக்குச் சர்க்கரை இருக்கிறது, நோன்பு பிடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம் தின்றாள், கஞ்சி இரண்டு மடக்குக் குடித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணே. வெறும் வயித்துல கஞ்சி சேரல போல. வாயு. ஏ ஆயிஷா, ஓமத்தண்ணி ஒரு தம்ளர் வச்சுக் கொண்டா."

"வலிக்காம்மா?"

"வலியெல்லாம் இல்ல. தளர்ச்சியா இருக்கு. மூச்சு சின்னதா வருது."

அவள் மேலுதட்டைப் பார்த்தேன். வேர்வை முத்து முத்தாக நின்றது. மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை இறங்கின வேர்வை என்றால் பழமும் கஞ்சியும் உள்ளே போனதும் அடங்கத் தொடங்கியிருக்க வேண்டும். இது ஏறிக்கொண்டே போனது. ஓமத்தண்ணியோடு ஆயிஷா வந்தாள். "ஆயிஷா, உம்மா நெத்தியத் தொட்டுப் பாரு" என்றேன்.

"சில்லுன்னு இருக்கு மாமா."

உன் நெற்றி, என் துண்டு, வண்ணார்பேட்டைப் பெஞ்சு எல்லாம் ஒரே நொடியில் வந்து நின்றன. நான் வாழ்நாளில் படித்தது ஒரே ஒரு எழுத்து. அது உன் வேர்வை.

"ஓமத்தண்ணிய வச்சுட்டு ஆட்டோவக் கூப்பிடு."

"ரெண்டு மடக்குக் குடிச்சுட்டுப் போட்டுமே மாமா..."

"வைன்னா வைலா!"

நான் போட்ட சத்தத்தில் தம்ளர் அவள் கையிலிருந்து விழுந்தது. உன் வீட்டில் நான் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். வீடெல்லாம் ஓம வாசனை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி அதேதான். "எப்ப ஆரம்பிச்சது?"

"பாங்கு சொல்லி, பழம் தின்னு, கஞ்சி ரெண்டு மடக்கு குடிக்கையில. அங்கேருந்து இங்க வர இருபத்தஞ்சு நிமிசம் ஆயிருக்கும் சார்" என்றேன். ஒரு நிமிசத்தைக்கூட நான் விழுங்கவில்லை மாப்ளே.

மாரடைப்புதான். உறைகட்டியைக் கரைக்க ஊசி போட்டார்கள். ஆயிஷாவுக்கு ஒரே ஆச்சரியம், வலியே இல்லாமல் எப்படி என்று. அதற்கு எனக்கு டாக்டர் வேண்டாம். சர்க்கரை வருசக்கணக்காக ரத்தத்தில் கூடி நின்றால் சன்னக் குழாய்களைக் கெடுக்கும், அவற்றால் பிழைக்கிற நரம்புகளும் மரத்துப்போகும். நம் மியூசியத்துக் கடைசி அலமாரியில் கறுத்த கால்விரல் ஒன்று இருந்ததே, முள் குத்தினதே தெரியாமல் நடந்தவருடையது. காலுக்கு வருவது நெஞ்சுக்கும் வரும். வலி என்கிற சேதியைக் கொண்டுபோகிற நரம்பே மரத்துப்போனால் சேதி எப்படி வந்து சேரும்? வேர்வையும் மூச்சிளைப்பும் மட்டும்தான் வரும்.

பிழைத்தாள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ரத்தக்குழாயில் ஒரு இடம் இன்னும் சுருங்கியே இருக்கிறது, ஆஞ்சியோ செய்து உள்ளே ஸ்டென்ட் என்கிற கம்பி வலை வைக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி அடைக்கும் என்றார்கள். உன் பெண்டாட்டி வேண்டாம் என்றுவிட்டாள். பயமோ என்று கேட்டால், பயமில்லை என்கிறாள். இரண்டாம் நாள் தலையணை உறையை மாற்றும்போது நர்ஸ் பார்த்தால், கொடுத்த மாத்திரை அத்தனையும் அடியில் கிடக்கிறது. ஆயிஷா அழுதாள், சண்டை போட்டாள், காலைப் பிடித்தாள். "என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. போதும்" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு பேச்சு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் கட்டில் பக்கத்தில் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கோபமாவது வரட்டும், என்னைத் திட்டுவதற்காகவாவது எழுந்து உட்காரட்டும் என்று நினைத்தேனா, அல்லது இனி என்னால் சுமக்க முடியாது என்று நினைத்தேனா, தெரியவில்லை.

"பாத்திமுத்து, ஒண்ணு சொல்லுதேன். கேட்டுட்டு என் மூஞ்சில முழிக்க வேண்டாம்னா வேண்டாம்" என்று தொடங்கி, கண்ணாடிக் கடை, சோடா, ஏப்பம், விட்ட இரண்டு பஸ், டாக்டரிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயிஷா ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாத்திமுத்து சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"பஸ்ஸுலன்னு சொன்னியளே அண்ணே."

"பொய்ம்மா."

"வண்ணார்பேட்டையில எவ்வளவு நேரம் இருந்திய?"

"முக்கா மணி."

சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. "முக்கா மணி நேரத்துக்கா பதினோரு வருசமா தலையத் தொங்கப்போட்டு எங்க வீட்டுக் கஞ்சியக் குடிச்சிய? நான் காலையிலேருந்து வச்சிருந்தேண்ணே."

எனக்கு விளங்கவில்லை.

"விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வந்து, புள்ள, நெஞ்சு கரிக்கின்னாவ. சீரகத்தண்ணி வச்சுக் குடுத்தேன். கரிப்பு அடங்கிட்டு. மத்தியானம் மறுபடியும் கரிக்கின்னாவ. மறுபடியும் சீரகந்தான். இன்னைக்குப் போவாண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். மச்சான் காத்துக்கிட்டு நிப்பாவன்னு போயிட்டாவ. நீங்க வந்து பஸ்ஸுலதான் வந்துச்சுன்னதும் எனக்கு உசுரு வந்துச்சு. அப்ப காலையில வந்தது வேற, இது வேறன்னு நெனச்சுக்கிட்டேன். உங்க பொய்யப் பிடிச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நாளும் நடமாடினேன். ஆனா உள்ளுக்குத் தெரியும்லா. அவுகளுக்குச் சீரகத்தண்ணியும் எனக்குக் கம்பி வலையுமா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் இத வாங்கிக்கிட?"

ஆயிஷா ஜன்னலை விட்டு வந்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. "யாரு அதிகமாக் கொன்னதுன்னு ரெண்டு பேரும் போட்டி போடுதியளா? வாப்பா மௌத்தாகையில நான் மெட்ராசுல பாடம் நடத்திக்கிட்டு இருந்தேன். ரயில விட்டு எறங்கி வந்து மையத்தாக் கெடந்த வாப்பாவத்தான் பாத்தேன். நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

பக்கத்துக் கட்டில்காரி திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

நான் சொன்னேன், "அம்மா, அவன் நோய் அன்னைக்கு வந்ததில்ல. பீடியும் கொழுப்புமா முப்பது வருசம் அந்தச் சுவருக்குள்ள திரண்டது. அத நீயும் உண்டாக்கல, நானும் உண்டாக்கல. ஆனா நேரத்த நம்ம ரெண்டு பேரும் தின்னுட்டோம். நீ காலையில தின்ன, நான் சாயந்தரம் தின்னேன். அது தப்பு இல்லன்னு நான் உனக்குச் சொல்ல மாட்டேன், நீயும் எனக்குச் சொல்லாத. ஆனா ஒண்ணு. மூணு நாளா நீ இங்கன படுத்துக்கிட்டு மறுபடியும் அதே நேரத்தத்தான் தின்னுக்கிட்டு இருக்க. இந்தத் தடவ தெரிஞ்சே தின்னுத."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சம்பந்தமில்லாமல் கேட்டாள்.

"நீங்க பிரசர் மாத்திரை ஒழுங்காப் போடுதியளா?"

மாட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரி போனதிலிருந்து நான் மாத்திரை போடுவதில்லை. அட்டையெல்லாம் எனக்கு ஒரே மாதிரி இருக்கும். எதை எப்போது என்று எடுத்துக் கொடுத்தவள் அவள். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், சீக்கிரம் வந்து உன்னிடம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு இருந்தது மாப்ளே. அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

"பிரசர் கூடுனா இருதயம் தேங்காமுறி மாதிரி ஆயிரும்னு ஊருக்கெல்லாம் சொல்லுவியளே" என்றாள். "உங்க தேங்கா எப்படி இருக்கு?"

ஆயிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிற இடமில்லை, ஆனாலும் சிரித்துவிட்டாள்.

"நீங்க மாத்திரை போடுங்க. நான் கம்பி வச்சுக்கிடுதேன்" என்றாள் உன் பெண்டாட்டி. "நீங்க விட்டியன்னா, நானும் விட்டுருவேன். தெரிஞ்சுக்கோங்க."

மறுநாள் வைத்துவிட்டார்கள். மணிக்கட்டு வழியாகவே சன்னக் குழாயை விட்டு முடித்துவிட்டார்கள், நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை. உன் காலத்தில் இதெல்லாம் இல்லை என்று சொல்ல வந்தேன். ஆனால் இருந்தது மாப்ளே. உன்னை வேளைக்குக் கொண்டுபோக ஆள்தான் இல்லை.

எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. மிச்ச நோன்புக்கு உன் வீட்டிலிருந்து கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. பெருநாள் அன்றைக்குத்தான் ஆயிஷா வந்து, "உம்மா சாப்பிட வரச் சொன்னா" என்றாள். போனேன். பாத்திமுத்து பிரியாணி வைத்தாள், முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். பழைய மாதிரி இல்லை, ஆனால் மறைக்க ஒன்றும் இல்லாத பேச்சு. ஆயிஷா என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தில் முக்கால் மணி நேரம் என்று வந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "சொல்லுங்க மாமா" என்றாள். சொன்னேன், எழுதினாள்.

நேற்று உன்னை அடக்கிய கபருக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வாய்க்குள்ளேயே இதையெல்லாம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டு பேர் கையேந்தித் துஆ செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாது, நின்றுவிட்டு வந்தேன்.

கடைசியாக ஒன்று. பெருநாள் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது பாத்திமுத்து என் மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு அட்டையிலும் ஓட்டை போட்டு நூல் கட்டிக் கொடுத்தாள். ஒரு முடிச்சு காலைக்கு, இரண்டு முடிச்சு சாப்பாட்டுக்குப் பிறகு. "சிவப்புதானே அண்ணே இருதயத்துக்கு? அவுக சொல்லிருக்காவ" என்றாள். நம் நூலை நீ வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேலி பண்ணித்தான் சொல்லியிருப்பாய்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சிவப்பு நூலில் ஒரு முடிச்சுப் போட்டதைக் காலையில் எழுந்ததும் போட்டுவிடுகிறேன். எதற்கு எழுந்தோம் என்று உட்கார்ந்திருந்தேனே, இப்போது அதற்காவது எழுந்திருக்கிறேன். உன்னிடம் வருவதற்கு இனி அவசரப்படமாட்டேன். வருகிற அன்றைக்கு நீ வாசலில் நின்றுகொண்டு, "எப்ப வே ஆரம்பிச்சது?" என்று கேட்பாய். நேரத்தைச் சரியாகச் சொல்வேன்.

இப்படிக்கு,
பாத்திமுத்துவின் அண்ணன், ஆயிஷாவின் மாமன்,
உன் மச்சான் சுடலைமுத்து
(கைநாட்டு)